யோகலிங்கம் வாங்கிய ரோசாப்பூப் பாத்திரம்

ஹவுன்ஸ்லோவில், விமானங்களுக்குச் சாப்பாடு செய்து அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் யோகலிங்கம் பதினொரு வருடம் தட்டுக் கழுவினார். கையால் அல்ல, யந்திரத்தால். ஒரு வாயிலில் அழுக்குத் தட்டுகளை அடுக்கிவிட்டால் மறு வாயிலால் அவை ஆவி பறக்க வெளியே வரும். எல்லாம் பிளாஸ்டிக். சோற்றுக்கு ஒரு குழி, கறிக்கு ஒரு குழி, இனிப்புக்கு ஒரு சின்னக் குழி. ஒரு ஷிப்டில் ஆறாயிரம் தட்டு போகும். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர் அவர். சாமான் எதுவாக இருந்தாலும் எடுத்துத் திருப்பி அடியைப் பார்ப்பது பழக்கம். இந்தத் தட்டுகளின் அடியில் ஓர் எண் மட்டும் இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே எண்.

எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, காலை ஷிப்ட் முடிந்து நடந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. வழியில் இருந்த தேவாலய மண்டபத்தின் கதவு திறந்திருந்ததால் உள்ளே ஒதுங்கினார். உள்ளே பழைய சாமான் விற்பனை நடந்துகொண்டிருந்தது. பீங்கான் சாமான் பரப்பிய மேசைக்குப் பின்னால் டொலறஸ் இருந்தாள். பாஷையூர்க்காரி, அதே தொழிற்சாலையில் சாப்பாடு அடுக்கும் பகுதியில் வேலை, சனிக்கிழமைகளில் கோயில் வேலை. "வாங்கோ அண்ணை" என்று அவள் கூப்பிட்ட பிறகு ஒன்றும் வாங்காமல் திரும்பினால் மரியாதையில்லை. நீள்வட்டமாய், நீலக் கொடி போட்ட, மூடியுள்ள பாத்திரம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் கம்பனியின் பெயர், ஊரின் பெயர், ஒரு கிரீடம், கையால் எழுதிய ஓர் இலக்கம், யாரோ ஒருவரின் முதலெழுத்து எல்லாம் இருந்தன. இவ்வளவு விவரம் எழுதப்பட்ட சாமானை அவர் லண்டனில் அதுவரை கண்டதில்லை. வாங்கிக்கொண்டார்.

வீட்டில் வசந்தமலர் அதைத் தொடவில்லை.

"ஆர் சாப்பிட்டதோ, என்னத்தைச் சாப்பிட்டதோ" என்றாள்.

யார் என்பது தெரியாது, ஆனால் மாட்டிறைச்சி நிச்சயமாக இருந்திருக்கும் என்று அவர் நேர்மையாகவே சொன்னார். அவள் அதை மூன்று நாள் மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தாள். நாலாம் நாள் பருப்பைப் போட்டு மூடி வைத்தாள். அவர் ஷிப்ட் முடிந்து வந்து மூடியைத் திறந்தபோது பருப்பில் ஆவி எழுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பாத்திரத்தின் முன்னைய வாழ்க்கையைப் பற்றி வசந்தமலர் பேசவில்லை. சூடு காக்கும் சாமானைப் பழிப்பதற்கு அவளுக்கும் மனம் வரவில்லை.

அப்படித்தான் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட மைதானங்களில் கார்களின் பின்கதவைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்பார்கள். யோகலிங்கம் விடியற்காலையிலேயே போய்விடுவார். பாத்திரத்தை உள்ளங்கையில் நிறுத்தி நகத்தால் சுண்டிப் பார்ப்பார். மணிபோல் ஒலித்தால் நல்லது, தட்டையாய்க் கேட்டால் எங்கோ வெடிப்பு. நூலகத்தில் இது பற்றி இருந்த நாலு புத்தகங்களையும் படித்தார். மூடியின் விளிம்பில் துண்டு பெயர்ந்திருக்கிறது என்று பேரம் பேசி ஒரு பெரிய சூப்புப் பாத்திரத்தைக் குறைந்த விலைக்கு வாங்கிவந்து, அது அகப்பைக் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதற்காக வேண்டுமென்றே விட்ட வெட்டு என்று புத்தகத்தில் கண்டபோது, அடுத்த ஞாயிறு போய் விற்றவனிடம் மன்னிப்புக் கேட்டார். அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

வாங்கி அலுமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கும் ஆட்களில் அவர் சேர்த்தி இல்லை. வந்த பாத்திரம் அந்த வாரமே மேசைக்கு வரவேண்டும். சூப்புப் பாத்திரத்தில் சொதி. காதுவைத்த வட்டக் கிண்ணத்தில் கத்தரிக்காய்ப் பால்கறி. பச்சை இலை வடிவத்தில் ஒன்று, அது சம்பலுக்கு. பழைய பீங்கானின் மெருகில் மயிரிழைபோல வெடிப்புகள் ஓடியிருக்கும். மஞ்சளும் மிளகாயும் அவற்றுக்குள் இறங்கி, ஒரு வருடத்தில் வெள்ளைக் கிண்ணம் முழுவதும் மஞ்சள் வலை பின்னியதுபோல் ஆகிவிடும். ஒரு வியாபாரி அதைப் பார்த்துவிட்டு, பெறுமதி போய்விட்டதே என்று வருத்தப்பட்டான். விற்பதற்கு வாங்கவில்லை என்றார் யோகலிங்கம். அவர்களுடைய ஒரே மகள் மணமாகிக் கனடாவுக்குப் போயிருந்தாள். இரண்டு பேர் சாப்பிடும் மேசையில் ஆறு பாத்திரம் இருக்கும். எல்லாவற்றையும் அவரே கழுவினார். யந்திரம் இல்லாமல், கையால்.

தொண்ணூற்றொன்றில் வசந்தமலரின் தமையன் ஸ்ரீஸ்கந்தராஜா வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர், அறுபது வயது. மனைவி பாலாம்பிகையைக் கொழும்பில் ஒரு அறையில் விட்டுவிட்டு வந்திருந்தார். அகதி விண்ணப்பம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் இருந்தது. முடிவு வரும்வரை மேல்மாடிச் சின்ன அறை அவருடையது. அவருடைய பெட்டியில் இரண்டு வேட்டி, ஒரு கோட், நீரிழிவுக் குளிசைகள், சோறு போட்டுச் சாப்பிட ஒரு சில்வர் கோப்பை, தண்ணீர் குடிக்க ஒரு சில்வர் பேணி.

முதல் நாள் மேசைக்கு வந்தவர் பாத்திரங்களைப் பார்த்தார். விவரம் கேட்டார். யோகலிங்கம் உற்சாகமாக ஒவ்வொன்றின் வயதையும் சொன்னார். எங்கே கிடைக்கின்றன என்று கேட்டபோது, பெரும்பாலும் வயதானவர்கள் இறந்தபின் வீட்டை ஒதுக்கும்போது வருபவை என்றும் சொன்னார். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"செத்த வெள்ளைக்காரரின்ரை கோப்பையிலை போட்டதை நான் சாப்பிடமாட்டன்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"கழுவினால் கழுவினதுதான் அத்தான். நான் ஒரு நாளைக்கு ஆறாயிரம் கழுவிற மனிசன். எனக்குத் தெரியும்."

ஸ்ரீஸ்கந்தராஜா தம் சில்வர் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்த் தங்கைக்கு முன்னால் நீட்டினார். அவள் சட்டியிலிருந்தே போட்டாள். மீதி பீங்கானுக்கு மாறி மேசைக்கு வந்தது. பிறகு மூவரும் ஒரே மேசையில் இருந்து ஒரே கறியைச் சாப்பிட்டார்கள். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. சண்டை எதுவும் இல்லை. உப்பு எடுத்துத் தரும்படி கேட்பார்கள், காலநிலை பற்றிப் பேசுவார்கள், குரோய்டனிலிருந்து கடிதம் வராததைப் பற்றிப் பேசுவார்கள். அண்ணனுடைய சீனி வருத்தத்தை வசந்தமலர் கவனித்த விதம் கடுமையானது. தேத்தண்ணீருக்குச் சீனி கிடையாது. சோற்றை அகப்பைக் கணக்கில்தான் போடுவாள். கொழும்பிலிருந்து பாலாம்பிகையும் ஒவ்வொரு கடிதத்திலும் அதையே வலியுறுத்தி எழுதினாள்.

தொண்ணூற்றிரண்டு கோடையில் யோகலிங்கம் அந்த ரோசாப்பூப் பாத்திரத்தை வாங்கினார். பெரியது. அகன்ற வாய், உருண்ட வயிறு, தடித்த விளிம்பு, ஒரு பக்கம் மட்டும் பிடி. சுற்றிவர இளஞ்சிவப்பு ரோசாக்கள். சுண்டியபோது கோயில் மணிபோல் ஒலித்தது. அது என்ன பாத்திரம் என்பது இங்கிலாந்தில் வளர்ந்த வயதானவர்களுக்குப் பார்த்த உடனே தெரியும். யோகலிங்கத்துக்குத் தெரியவில்லை. அவர் படித்த நாலு புத்தகங்களும் சாப்பாட்டு மேசைப் பாத்திரங்களைப் பற்றியவை. இந்த வடிவம் அவை ஒன்றிலும் இல்லை. ஆகவே அது மிக அரிதானது என்ற முடிவுக்கு வந்தார். விற்ற கிழவர் எதற்கு என்று கேட்டார். சோறு பரிமாற என்று சொன்னார் யோகலிங்கம். கிழவர் அவரையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு தானாகவே விலையைக் குறைத்து, பத்திரிகைத் தாளில் இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றிக் கொடுத்தார். வெள்ளைக்காரரில் இப்படியும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அன்று வீட்டில் பேச்சு நடந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சோறு அதில்தான் வந்தது. தொண்ணூற்று மூன்று தைப்பொங்கலுக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். டொலறஸும் வந்திருந்தாள், தொழிற்சாலை ஆட்கள் வந்திருந்தார்கள். பின்வளவில் சூரியன் தெரியவில்லை, இருக்கக்கூடிய திசையை உத்தேசித்துப் பானையிலிருந்தே வாழையிலையில் படைத்தார்கள். படையல் பானையிலிருந்து போனது என்பது பிற்பாடு யோகலிங்கத்துக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. படைத்தபின் பெரும்பகுதிப் பொங்கல் ரோசாப்பூப் பாத்திரத்துக்கு மாறி, மேசை நடுவில், மேலே முந்திரிப்பருப்பும் நெய்யுமாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் வடிவு என்றார்கள். இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா மட்டும் வழமைபோல் பானையிலிருந்து இரண்டு கரண்டி, சில்வர் கோப்பையில். அதற்கு மேல் தங்கை கொடுக்கவில்லை. பின்னேரம் வசந்தமலர் பார்த்தபோது பாத்திரத்தின் அடியில் மிஞ்சியிருந்ததும் வழித்து எடுக்கப்பட்டிருந்தது. புருஷனுடைய வேலை என்று நினைத்து அவள் விட்டுவிட்டாள்.

பங்குனியில் உள்ளூர் நூலகத்தில் பழம்பொருள் மதிப்பிடும் நாள் என்று ஒன்று வைத்தார்கள். விலை தெரிய வேண்டும் என்ற ஆசை யோகலிங்கத்துக்கு இல்லை. அந்த வடிவத்துக்குப் பெயர் என்ன என்று மட்டும் அறிய விரும்பினார். பாத்திரத்தைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்தபோது ஸ்ரீஸ்கந்தராஜா தானும் வருவதாகச் சொன்னார். வேலை செய்ய அனுமதியில்லாத மனிதருக்கு நூலகத்துக்குப் போவதும் ஒரு வேலை.

வரிசையில் ஒரு மணித்தியாலம் நின்றார்கள். கழுத்துப்பட்டியை வண்ணத்துப்பூச்சிபோல் முடிந்த ஒரு பெரியவர் மேசையில் இருந்தார். பாத்திரத்தைத் தூக்கினார், திருப்பினார், அடியைப் பார்த்தார். நூறு வருடம் இருக்கும், நல்ல நிலைமையில் இருக்கிறது, ஒரு சிறு சில்லுகூடப் பெயரவில்லை என்றார். பிறகு, வீட்டில் இதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மரியாதையாக விசாரித்தார்.

மேசையில், ஞாயிற்றுக்கிழமைச் சோற்றுக்கு என்றார் யோகலிங்கம்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். இது வழக்கமாகப் படுக்கையறையில் இருக்கும் பொருள் என்றார். படுக்கையறையிலா சாப்பிடுவார்கள் என்று யோகலிங்கம் கேட்டார். பின்னால் நின்ற ஒரு அம்மா இருமினாள். அப்போது ஸ்ரீஸ்கந்தராஜா ஓர் அடி முன்னே வந்து, முப்பது வருடம் அரசாங்கக் கடிதம் எழுதிய ஆங்கிலத்தில், இந்தப் பாத்திரத்தின் உத்தேசிக்கப்பட்ட உபயோகம் யாது என்பதைத் தயவுசெய்து தெளிவாகக் கூறும்படி வேண்டினார்.

பெரியவர் தெளிவாகக் கூறினார். அந்தக் காலத்தில் வீட்டுக்குள் கக்கூஸ் கிடையாது. இரவில் எழும்புகிறவர்களுக்காகக் கட்டிலுக்குக் கீழே வைக்கும் மூத்திரச் சட்டி இது. நல்ல குடும்பங்களில் ரோசாப்பூப் போட்டதை வைத்திருப்பார்கள்.

யோகலிங்கம் நன்றி சொன்னார். துவாயில் சுற்றினார். இரண்டு பேரும் வெளியே வந்து பஸ் ஏறினார்கள். மேல்தட்டில் முன் ஆசனம் காலியாக இருந்தது. பாத்திரம் யோகலிங்கத்தின் மடியில் இருந்தது. யோகலிங்கம் மனத்துக்குள் பதினான்கு பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். டொலறஸ் தன் அக்காவுக்கென்று ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போனதும் ஞாபகம் வந்தது. கழுவினால் கழுவினதுதான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஒரு நாளைக்கு ஆறாயிரம் தட்டுக் கழுவியவருக்கு அந்த வசனத்தில் அன்று நம்பிக்கை வரவில்லை. பக்கத்தில் இருப்பவர் ஒருவர்தான் அந்தப் பொங்கலிலிருந்து தப்பிய மனிதர். அவர் இப்போது பேசத் தொடங்குவார், இனி இந்த ஆயுளுக்கும் நிறுத்தமாட்டார் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

"மலருக்கு ஒண்டும் சொல்லாதையும்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

யோகலிங்கம் திரும்பிப் பார்த்தார்.

"அண்டைக்கு அடியிலை கிடந்ததை வழிச்சது நான்தான்." அவர் முன்கண்ணாடி வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆக்கள் போனாப்பிறகு நீங்கள் ரண்டுபேரும் படுத்திருந்தனீங்கள். நிண்டபடியே சாப்பிட்டனான். கரண்டியாலையும் பிறகு கையாலையும்."

"அவ்வளவு கிடந்ததோ அத்தான்?"

"ஒரு நாலு பேருக்குக் கிடந்தது."

சட்டி விஷயம் தெரிந்தால் மலருக்கு அருவருப்பு வரும், அதை எப்படியும் தாங்கிவிடலாம் என்று ஸ்ரீஸ்கந்தராஜா விளக்கினார். சர்க்கரைப் பொங்கல் விஷயம் தெரிந்தால் கொழும்புக்குக் கடிதம் போகும். பாலாம்பிகை அதைத் தாங்கமாட்டாள். ஒன்று வெளியே வந்தால் மற்றதும் வரும். ஆகவே இரண்டையும் சேர்த்தே மூடிவிடுவது உத்தமம். ஒரு தபாலதிபர் பதிவுத் தபாலைப் பொறுப்பேற்பது போல் அவர் அதைச் சொன்னார்.

"நீங்கள் எங்கடை கோப்பையிலை சாப்பிடமாட்டன் எண்டியள்" என்றார் யோகலிங்கம். குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டு வைத்தார்.

"ஓம். சொன்னனான்தான்" என்றார் அவர். "வீட்டை இருந்து ஒரு மாசமாய்க் கடிதம் இல்லை. அண்டைக்குப் பொங்கல். கோப்பை ஆரின்ரை எண்டு நான் பாக்கேல்லை."

பஸ் சிவப்பு விளக்கில் நின்றது. தலைக்கு மேலால் ஒரு விமானம் இறங்கிப் போனது. அது போய் முடியும்வரை எந்தப் பேச்சும் கேட்காது.

பாத்திரத்தை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. எறிய யோகலிங்கத்துக்கு மனம் இல்லை. ஒரு சில்லுகூடப் பெயராத நூறு வயதுச் சாமான். அலுமாரியில் சும்மா வைக்கவும் அவருடைய கொள்கை இடம் தரவில்லை. வீட்டில் பாவிக்காத பாத்திரம் என்று ஒன்று இருக்கக்கூடாது. இரண்டு நாள் யோசித்தும் வழி தெரியவில்லை. வழி சொன்னது ஸ்ரீஸ்கந்தராஜாதான். அந்த வீட்டுக் கக்கூஸ் கீழ்த்தளத்தில், குசினிக்குப் பின்னால் இருந்தது. மாடிப்படி செங்குத்து. சீனி வருத்தக்காரர் இரவில் மூன்று தடவை இறங்கி ஏறவேண்டும். இரண்டு தரம் விழப் பார்த்தவர். சாமான் எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கே பயன்படட்டும் என்றார். அவர் பாத்திரத்தை மேலே கொண்டுபோனார். ஏன் என்று வசந்தமலர் கேட்டபோது, குரோய்டன் கடிதங்களைப் போட்டு வைக்க என்று யோகலிங்கம் சொன்னார். அவள் கணவனைப் பார்த்தாள், தமையனைப் பார்த்தாள், சரி என்றாள்.

அடுத்த வாரம் ஸ்ரீஸ்கந்தராஜா சில்வர் கோப்பையோடு குசினிக்குள் போகவில்லை. மேசையில் இருந்து, சூப்புப் பாத்திரத்திலிருந்து தானே அள்ளிச் சொதி விட்டுக்கொண்டார். யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மூடி நல்லாய்ச் சூடு காக்குது என்று மட்டும் அவர் சொன்னார். எழுபது வருடப் பழைய மூடி அது என்று யோகலிங்கம் சொல்லத் தொடங்கி, வீட்டு வரலாறுகளைச் சொல்வதில் உள்ள ஆபத்தை நினைத்து நிறுத்திக்கொண்டார்.

தொண்ணூற்றைந்து வைகாசியில் குரோய்டனிலிருந்து கடிதம் வந்தது. நாலு வருடம் காத்திருந்ததற்கு அது ஒன்றரைப் பக்கம் இருந்தது. இருக்கலாம், வேலை செய்யலாம், மனைவியை அழைக்கலாம். ஸ்ரீஸ்கந்தராஜா அதை மூன்று தரம் வாசித்தார், பிறகு தபால் முத்திரையில் திகதி தெளிவாக விழவில்லை என்று குறை சொன்னார். வெம்பிளியில் ஒரு அறையும் குசினியும் உள்ள வீடு கிடைத்தது. பாலாம்பிகை வருவதற்கு முன் வீட்டைத் தயார் செய்யவேண்டும் என்று யோகலிங்கம் ஆறு பாத்திரங்களை எடுத்து வைத்தார். நீலக் கொடி போட்ட முதல் பாத்திரமும் அதில் இருந்தது. வசந்தமலர் ஒவ்வொன்றையும் பத்திரிகைத் தாளில் சுற்றி ஒரு பெட்டிக்குள் அடுக்கினாள். பிறகு மேலே போய் ரோசாப்பூப் பாத்திரத்தை எடுத்து வந்தாள். அதையும் சுற்றினாள். ஆனால் அதை அந்தப் பெட்டிக்குள் வைக்கவில்லை. தமையனுடைய செருப்புகள் இருந்த பெட்டிக்குள் வைத்தாள். யோகலிங்கம் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். எப்போதிருந்து தெரியும் என்று கேட்கும் துணிவு அவருக்கு அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

அடுத்த வருடம் தொழிற்சாலையில் புதிய யந்திரம் வந்தது. அடுக்கவும் ஆள் தேவையில்லாத யந்திரம். யோகலிங்கத்தோடு ஒன்பது பேரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். அறுபத்திரண்டு வயதில் வேறு வேலை கிடைக்கவில்லை. வசந்தமலர் ஹவுன்ஸ்லோ கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வீட்டில் இருந்தார், அவள் ஷிப்டுக்குப் போனாள். முதல் கிழமை முழுவதும் அவர் பாத்திரங்களைத் துடைத்தார். அப்போது அறுபத்து மூன்று இருந்தன. துடைத்து முடிந்ததும் எல்லாம் வெறுமையாக இருந்தன. அவள் களைத்து வந்துதான் சமைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அவற்றுக்கு உயிர் வரும் என்ற நிலைமை அவருக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாம் கிழமை திங்கட்கிழமை அவர் சமைத்தார். வெம்பிளிக்கு ரெலிபோன் எடுத்து, வந்து சேர்ந்து எட்டு மாதமான பாலாம்பிகையிடம் ஒவ்வொரு கட்டமாகக் கேட்டார். அவள் சொன்னதைக் களஞ்சியக்காரரின் எழுத்தில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் சொதி. சொதி இரண்டு தரம் திரைந்தது, மூன்றாம் தரம் திரையவில்லை. உப்பு எவ்வளவு என்று கேட்டபோது பாலாம்பிகை அளவாய் என்று சொல்லியிருந்தாள். அது எவ்வளவு என்பதை அவர் ஊகித்தார். ஐந்தரைக்கு ஒவ்வொன்றையும் அதற்குரிய பாத்திரத்துக்கு மாற்றினார். சொதிக்கென்று அந்த ஞாயிறுதான் வாங்கிவந்த, பொன் விளிம்பு வைத்த வெள்ளைப் பாத்திரத்தை எடுத்தார். விளிம்பில் சிந்தியதை ஈரத் துணியால் துடைத்தார். மூடிகளை மூடினார்.

வசந்தமலர் ஆறு மணிக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே மேசையைப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தாள். அவர் ஒவ்வொரு மூடியாகத் திறந்தார். அவளுக்கு முதல் போட்டார், பிறகு தனக்குப் போட்டார். அவள் சொதியை விட்டுக் குழைத்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். அவர் சாப்பிடாமல் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோப்பை நல்ல வடிவாய் இருக்கு" என்றாள் வசந்தமலர்.

யோகலிங்கம் தலையாட்டினார். நாளைக்கும் தானே சமைப்பதாகச் சொன்னார்.